மறுபடி குடித்துவிட்டேன், இனி எந்த முகத்தோடு மீட்டிங்குக்குப் போவது?

வாசகர் ஒருவர் நீளமான கடிதம் எழுதியிருக்கிறார். ஆள் யார் என்று காட்டிக்கொடுக்கும் விவரங்களை எடுத்துவிட்டு, விஷயத்தை மட்டும் சுருக்கித் தருகிறேன்.

வயது 43. 18 வருடக் குடி. கடைசியில் மஞ்சள் காமாலையோடும் கை நடுக்கத்தோடும் மருத்துவமனையில் சேர்த்திருக்கிறார்கள். அங்கிருந்து குடிமீட்பு சிகிச்சை, அப்புறம் வாரத்துக்கு மூன்று ஏ.ஏ. மீட்டிங் (ஆல்கஹாலிக்ஸ் அனானிமஸ், குடியை விட நினைப்பவர்கள் கூடி ஒருவருக்கொருவர் துணை நிற்கும் குழு). எட்டு மாதம் ஒரு சொட்டு தொடவில்லை. ஆறு மாதம் முடிந்தபோது குழுவில் கொடுத்த நாணயத்தைச் சட்டைப் பையிலேயே வைத்துக்கொண்டு திரிந்திருக்கிறார். மூன்று வாரத்துக்கு முன் அலுவலகத்தில் ஒருவருக்குப் பிரிவு உபசாரம். முதல் மடக்கு, அன்றிரவு முழுக்க, மறுநாளும். முன்பெல்லாம் ஆரம்பித்தால் மாதக் கணக்கில் நிற்காதாம், இந்த முறை மூன்றாம் நாளே நிறுத்திவிட்டார். கை நடுங்கியது, வியர்த்துக் கொட்டியது, இரண்டு நாளில் சரியாகிவிட்டது. நாணயத்தை எடுத்து மேசை இழுப்பறையில் கவிழ்த்துப் போட்டுவிட்டார்.

அதற்குப் பிறகு மீட்டிங் பக்கம் போகவில்லை. அவருடைய ஸ்பான்சர், அதாவது குழுவில் அவருக்கு வழிகாட்டும், 14 வருடமாகக் குடிக்காமல் இருக்கும் ஒரு பெரியவர், நான்கு முறை போன் செய்துவிட்டார், இவர் எடுக்கவில்லை. ஆனால் இன்னொரு போனை மட்டும் தினமும் எடுக்கிறார். குழுவுக்குப் புதிதாக வந்த 26 வயதுப் பையன் இரவு ஒன்பது மணிக்குக் கூப்பிட்டு, "அண்ணே, இன்னைக்கும் தாண்டிட்டேன்" என்கிறான். இவரும் எதுவும் நடக்காதது போல, "நல்லதுப்பா, நாளைக்கும் பார்ப்போம்" என்கிறார். போனை வைத்ததும் அழுகை வருகிறது என்று எழுதியிருக்கிறார்.

மனைவி, "அந்தக் கூட்டமே வேண்டாம். குடிச்சவங்களே கூடி உட்கார்ந்து பேசி என்ன ஆகப் போகுது, டாக்டரை மட்டும் பாருங்க" என்கிறார். குழுவில் யாரோ, "மாத்திரை போடறதும் ஒரு போதைதான்" என்று சொன்னதால் குடிக்கும் ஆசையைக் குறைக்க டாக்டர் கொடுத்த நால்ட்ரெக்ஸோன் மாத்திரையை இரண்டு மாதத்துக்கு மேலாக நிறுத்தி வைத்திருக்கிறார். சிகிச்சை எடுத்த மையத்திலேயே சக ஆதரவாளராக (தானும் குடித்து மீண்டவராக மற்ற நோயாளிகளுக்குத் துணை நிற்பவராக) பகுதி நேர வேலைக்கு வருகிறீர்களா என்று குடிப்பதற்கு முன்பு கேட்டிருந்தார்களாம், அதற்கும் பதில் சொல்லாமல் இருக்கிறார். எட்டு மாதமும் வீணா, அந்தப் பையனிடம் சொல்ல வேண்டுமா, சொன்னால் அவனும் குடித்துவிடுவானா, மனைவி சொல்வதுதான் சரியா என்பவை அவருடைய கேள்விகள்.

அன்புள்ள நண்பருக்கு,

நீங்கள் கேள்வியாகக் கேட்காத ஒரு வரியில் இருந்து தொடங்குகிறேன். "சில ராத்திரி, நான் இல்லாமல் போனாலே எல்லோருக்கும் நிம்மதி என்று தோன்றுகிறது" என்று எழுதிவிட்டு, அடுத்த வரியிலேயே மாத்திரையைப் பற்றிப் பேசப் போய்விட்டீர்கள். என்னால் அதைத் தாண்டிப் போக முடியவில்லை. குடித்து நிறுத்திய முதல் சில வாரங்களில் மனம் இப்படி இருண்டு கிடப்பதை டாக்டர்களாகிய நாங்கள் அடிக்கடி பார்க்கிறோம், பெரும்பாலும் நாளாக நாளாகத் தெளியும், ஆனால் தெளியட்டும் என்று சும்மா காத்திருக்கிற விஷயம் இல்லை இது. இதற்கு மேல் படிக்கும் முன் அந்த ஒரு வரியை உங்கள் மனைவியிடம் காட்டுங்கள். நாளைக்கே டாக்டரைப் பாருங்கள், அவரிடமும் இதே வார்த்தைகளில் சொல்லுங்கள். எப்படிச் செய்வது என்று யோசிக்கும் அளவுக்குப் போனாலோ, ஓர் இரவு அந்த எண்ணம் விடாமல் பிடித்துக்கொண்டாலோ, விடியட்டும் என்று பார்க்க வேண்டாம், அந்த நேரமே அவசர சிகிச்சைப் பிரிவுக்குப் போங்கள், தனியாக மட்டும் இருக்காதீர்கள். அந்தப் பையன் ஒன்பது மணிக்குக் கூப்பிட்டு இதே வரியைச் சொன்னால் நீங்கள் என்ன செய்வீர்களோ, அதை உங்களுக்கும் செய்துகொள்ளுங்கள்.

சரி, இனி மற்றவை.

எட்டு மாதம் எங்கே போயிற்று?

எங்கேயும் போகவில்லை. குழுவில் நாள் கணக்கு மறுபடி ஒன்றிலிருந்து தொடங்கும், அது உண்மை, அது வலிக்கத்தான் செய்யும். ஆனால் உங்கள் ஈரலுக்கு அந்தக் கணக்கு தெரியாது. எட்டு மாதம் அதற்குக் கிடைத்த ஓய்வு ஓய்வுதான். எந்தத் தெரு வழியாக வீட்டுக்குப் போனால் பிரச்சினை, சம்பள நாளில் யாரோடு இருக்கக் கூடாது, கோபம் வந்தால் அடுத்த அரை மணி நேரத்தை எப்படிக் கடத்துவது என்று நீங்கள் கற்றுக்கொண்டது எதுவும் இரண்டு நாளில் அழிந்துவிடாது. உங்கள் கடிதத்திலேயே அதற்கு ஆதாரம் இருக்கிறது, நீங்கள்தான் அதைச் சாதாரணமாக எழுதிவிட்டுப் போயிருக்கிறீர்கள். முன்பு மாதக் கணக்கில் நிற்காத மனிதர் இந்தத் தடவை மூன்றாம் நாள் நின்றிருக்கிறார். அந்த மூன்றாம் நாள் எப்படி வந்தது என்று நினைக்கிறீர்கள்?

நான் பயப்படுவது அந்த இரண்டு நாளைப் பற்றி அல்ல, அதற்குப் பிந்தைய மூன்று வாரத்தைப் பற்றி. ஆலன் மார்லட் என்ற உளவியலாளர், மறுபடி குடிப்பது எப்படி நடக்கிறது என்பதையே வாழ்நாள் வேலையாக ஆராய்ந்தவர். ஒரு முறை சறுக்குவதும், பழையபடி முழுக் குடிக்குத் திரும்புவதும் ஒன்றல்ல என்று அவர் காட்டினார். இரண்டுக்கும் நடுவில் ஒரு மனநிலை இருக்கிறது: "அதான் கெட்டுப் போச்சே, இனிமே என்ன." சறுக்கியவரை முழுக் குடிக்கு இழுத்துக்கொண்டு போவதில் முதல் மடக்குக்கு இருக்கும் பங்கைப் போலவே இந்த வெட்கத்துக்கும் தன்னைத் தானே கைவிடுவதற்கும் பங்கு உண்டு. போனை எடுக்காமல் இருப்பது, நாணயத்தைக் கவிழ்த்துப் போடுவது, மீட்டிங் நடக்கும் தெருவையே தவிர்ப்பது எல்லாம் அந்த மனநிலையின் வேலை.

இன்னொன்றும் சொல்கிறேன். ஏ.ஏ. எப்படித் தொடங்கியது என்று மீட்டிங்கில் கேட்டிருப்பீர்கள், ஆனால் உங்களுக்கு இப்போது தேவைப்படும் பகுதியை மறந்துவிட்டீர்கள் போலிருக்கிறது. 1935 மே மாதம், அமெரிக்காவின் ஆக்ரன் நகரில், பில் வில்சன் என்ற பங்குச் சந்தைக்காரர் வந்த வேலை தோற்றுப்போய் ஹோட்டலில் தனியாக நிற்கிறார். குடியை விட்டு ஐந்து மாதம். ஒரு பக்கம் பார் இருக்கிறது. இன்னொரு குடிநோயாளியிடம் பேசாவிட்டால் இன்று குடித்துவிடுவோம் என்று அவருக்குத் தெரிகிறது, போனை எடுத்து முன்பின் தெரியாதவர்களைக் கூப்பிட ஆரம்பிக்கிறார். அப்படித்தான் டாக்டர் பாப் என்று பின்னால் அறியப்பட்ட அறுவை சிகிச்சை நிபுணரிடம் வந்து சேர்கிறார். கால் மணி நேரம்தான் என்று சொல்லிவிட்டு உட்கார்ந்தவர்கள் ஆறு மணி நேரம் பேசினார்கள். இதுவரை எல்லோருக்கும் நினைவிருக்கும். அதற்கு அப்புறம் டாக்டர் பாப் குடிக்காமல் இருந்துவிடவில்லை. சில வாரத்திலேயே ஒரு மருத்துவ மாநாட்டுக்குப் போன இடத்தில் குடித்துவிட்டுத்தான் திரும்பினார். பில் அவரைத் தேற்றி எழுப்பினார். அவருடைய கடைசிக் குடி 1935 ஜூன் 10. ஏ.ஏ. தன் பிறந்த நாளாக வைத்துக்கொண்டது அந்தத் தேதியைத்தான், இருவரும் முதலில் சந்தித்த நாளை அல்ல. சறுக்கி எழுந்த ஒருவருடைய முதல் நாளை வைத்துத் தன் வயதைக் கணக்கிடும் ஓர் இடத்துக்கு, சறுக்கியதால் போக மாட்டேன் என்கிறீர்கள்.

அவர்களுக்கு என்ன தெரியும் என்ற கேள்வி

உங்கள் மனைவியின் கேள்வியை அலட்சியமாக நினைக்காதீர்கள். கதவு திறக்கும் சத்தத்தை வைத்தே இன்று எவ்வளவு குடித்திருக்கிறீர்கள் என்று 18 வருடம் கணக்குப் போட்டவர் அவர். குடித்தவர்களின் கூட்டம் என்றாலே அவருக்கு அடிவயிறு கலங்குவதில் ஆச்சரியம் இல்லை. ஆனால் அவர் நினைப்பதில் ஒரு பாதி சரி, ஒரு பாதி தவறு.

தவறான பாதி இது. மீட்டிங் என்பது வெறும் ஆறுதல், வைத்தியம் என்றால் டாக்டர் மட்டும்தான் என்று அவர் நினைக்கிறார். மருத்துவ ஆய்வுகளைத் தொகுத்து எடைபோடும் காக்ரேன் அமைப்பு 2020ல் வெளியிட்ட தொகுப்பாய்வு ஒன்று 27 ஆய்வுகளையும் அவற்றில் இருந்த 10,565 பேரையும் சேர்த்துப் பார்த்தது. ஏ.ஏ.வில் முறையாகக் கொண்டுபோய்ச் சேர்க்கும் சிகிச்சையைப் பெற்றவர்களில், ஓராண்டு கழிந்தபோது குடிக்காமலே இருந்தவர்கள் 42 சதவீதம். எண்ணத்தையும் நடத்தையையும் மாற்றப் பயிற்சி கொடுக்கும் உளவியல் சிகிச்சை போன்ற மற்றவற்றில் அது 35 சதவீதம். எவ்வளவு குடிக்கிறார்கள், எத்தனை நாள் குடிக்கிறார்கள் என்பது போன்ற மற்ற அளவுகளில் இரண்டும் ஏறத்தாழ ஒன்றுதான். டாக்டரான நானே சொல்கிறேன், இது சின்ன விஷயம் இல்லை, அதுவும் கட்டணம் எதுவும் வாங்காத ஓர் இடத்திலிருந்து. அதே எண்ணை மறுபக்கமாகவும் பாருங்கள். நல்ல பலன் கிடைத்த பக்கத்திலேயே பாதிக்கு மேற்பட்டவர்கள் ஓராண்டு முழுக்கத் தாக்குப் பிடிக்கவில்லை. அந்தப் பாதியில் நீங்களும் ஒருவர், அவ்வளவுதான்.

இது எப்படி வேலை செய்கிறது என்பதையும் ஆராய்ந்திருக்கிறார்கள். அந்தத் தொகுப்பாய்வை எழுதியவர்களில் ஒருவரான ஜான் கெல்லியின் ஆய்வுகளில் முன்னால் வந்து நிற்பவை மிக எளிமையான இரண்டு விஷயங்கள்: நீங்கள் யாரோடு பழகுகிறீர்கள் என்பது மாறுகிறது, 'அந்த இடத்திலும் குடிக்காமல் இருக்க என்னால் முடியும்' என்ற நம்பிக்கை வருகிறது. என்னிடம் புதிதாக வருபவர்களிடம், குடிக்காத நண்பர் ஒருவர் பெயரைச் சொல்லுங்கள் என்று கேட்பேன். பலர் யோசித்துக்கொண்டே இருப்பார்கள். மாத்திரை எழுதித் தர என்னால் முடியும், ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் கூட உட்கார ஆள் எழுதித் தர முடியாது.

வெளியாட்களும் வரலாம் என்று அனுமதிக்கும் மீட்டிங் ஒன்றில் ஒரு முறை பின்வரிசையில் உட்கார்ந்திருந்தேன். பாதியில் ஒருவர் வந்து வாசலிலேயே நின்றார், உள்ளே வரவும் இல்லை, போகவும் இல்லை, கதவுச் சட்டத்தை ஒரு கையால் பிடித்திருந்தார். பேசிக்கொண்டிருந்தவர் பேச்சை நிறுத்தவில்லை. ஓரத்தில் இருந்த வயதான ஒருவர் மட்டும் பக்கத்து நாற்காலியில் வைத்திருந்த தன் பையை எடுத்து மடியில் வைத்துக்கொண்டார். வந்தவர் உட்கார்ந்தார். முறை வந்தபோது, "மறுபடி ஒண்ணாம் நாள்" என்றார், அதற்கு மேல் பேச வரவில்லை. அந்த வயதானவர் குனிந்து மெதுவாக, "நேத்து ராத்திரி தூங்கினீங்களா?" என்று கேட்டார். எங்கே குடித்தாய், ஏன் குடித்தாய், எவ்வளவு குடித்தாய் என்றெல்லாம் இல்லை. என்னிடம் அவர் வந்திருந்தால் தூக்கத்தைப் பற்றி ஐந்தாவதாகவோ ஆறாவதாகவோதான் கேட்டிருப்பேன். அந்த முதல் இரவு எப்படி இருக்கும் என்று அவருக்குத் தெரியும், எனக்குப் படித்துத்தான் தெரியும்.

உங்கள் மனைவி சொல்வதில் சரியான பாதியும் இருக்கிறது, அதற்குத்தான் இப்போது வருகிறேன்.

மாத்திரையை நிறுத்தச் சொன்னது யார்?

நல்ல எண்ணத்தில் சொல்லியிருப்பார், இருந்தாலும் தவறு. நால்ட்ரெக்ஸோன் போதை தரும் மருந்து அல்ல. அதற்கு அடிமையாக முடியாது, நிறுத்தினால் உடம்பு அதைக் கேட்டுத் தவிக்காது. குடிக்கும்போது மூளையில் கிளம்பும் அந்தக் 'கிக்'கைக் குறைப்பதும், குடிக்க வேண்டும் என்ற தவிப்பைத் தணிப்பதும்தான் அதன் வேலை. நீங்கள் அதை நிறுத்திச் சில வாரத்தில் குடித்திருக்கிறீர்கள். அதனால்தான் குடித்தீர்கள் என்று நான் அடித்துச் சொல்ல மாட்டேன், ஆனால் இது வெறும் தற்செயல் என்று விட்டுவிடவும் மனமில்லை. குழுவில் யாரும் டாக்டர் வேலை பார்க்கக் கூடாது என்று ஏ.ஏ. அமைப்பே எழுதி வைத்திருக்கிறது, இதை உங்கள் பெரியவரிடம் கேட்டாலும் சொல்வார்.

ஆகவே டாக்டரிடம் போங்கள், மருந்தை நிறுத்தியதையும் குடித்ததையும் சேர்த்தே சொல்லுங்கள். மிச்சம் இருக்கும் மாத்திரையை நீங்களாக எடுத்துப் போட வேண்டாம். உங்களுக்கு மஞ்சள் காமாலை வந்திருக்கிறது, ஈரல் பரிசோதனையைப் பார்த்துவிட்டுத்தான் அதையே தொடர்வதா, அகாம்ப்ரோசேட் போல வேறொன்றுக்கு மாறுவதா என்று முடிவு செய்ய வேண்டும். வீட்டில் யாராவது பயத்தில் டைசல்ஃபிரம் வாங்கி உங்களுக்குத் தெரியாமல் கலந்து கொடுக்க நினைத்தால், இந்தப் பத்தியைக் காட்டுங்கள். அது உடம்பில் இருக்கும்போது குடித்தால் வாந்தியும் படபடப்பும் வரும், ரத்த அழுத்தம் சரிந்து உயிருக்கே ஆபத்தாகலாம். தெரிந்து, சம்மதித்து எடுக்க வேண்டிய மருந்து அது.

கை நடுங்கி வியர்த்ததை இரண்டு நாளில் சரியாகிவிட்டது என்று ஒரு வரியில் முடித்துவிட்டீர்கள். இந்த முறை தப்பித்தீர்கள். பல காலம் குடித்தவர் சட்டென்று நிறுத்தும்போது ஆறு மணி நேரத்திலிருந்து இரண்டு நாளைக்குள் வலிப்பு வரலாம், இரண்டு மூன்று நாளில் மனக்குழப்பம், இல்லாதது கண்ணுக்குத் தெரிவது, காய்ச்சல், கடும் நடுக்கம் என்று உயிரையே எடுக்கும் நிலைக்கும் போகலாம். ஒவ்வொரு முறை குடித்து நிறுத்தும்போதும் இந்த அறிகுறிகள் போன தடவையைவிட மோசமாக வர வாய்ப்பு அதிகம். ஸ்பான்சரோ நண்பரோ பக்கத்தில் இருந்து கையைப் பிடித்துக்கொண்டால் போதும் என்கிற இடம் அல்ல அது. அங்கே மருத்துவமனை வேண்டும். உங்கள் மனைவி சரியாகச் சொல்லும் பாதி இதுதான்.

தம்பியிடம் என்ன சொல்வது?

இந்த இடத்தில் கொஞ்சம் நிதானமாகப் பேச வேண்டும்.

நீங்கள் பயப்படுவது எனக்குப் புரிகிறது. அவன் உங்களைப் பார்த்துத்தான் தாண்டிக்கொண்டிருக்கிறான், நீங்கள் விழுந்தீர்கள் என்று தெரிந்தால் அவனும் விழுந்துவிடுவான் என்று நினைக்கிறீர்கள். ஆனால் அவன் உங்களிடம் வந்தது, நீங்கள் குடிக்காதவர் என்பதற்காகவா? குடிக்காதவர்கள் அவன் வீட்டிலேயே இருக்கிறார்களே. குடித்தால் என்ன ஆகும், விட்டால் என்ன ஆகும் என்று இரண்டையும் உள்ளிருந்து பார்த்தவர் பொய் சொல்லாமல் பேசுகிறார் என்பதற்காகத்தான் உங்களிடம் வந்தான். சக ஆதரவு என்பதே அந்த ஒன்றின் மேல்தான் நிற்கிறது. மூன்று வாரமாக அது மட்டும்தான் உங்களிடம் இல்லை.

இதை உங்களைக் குத்திக்காட்டச் சொல்லவில்லை. நீங்கள் அந்தப் போனை எடுத்துக்கொண்டே இருந்ததற்கு நன்றிதான் சொல்ல வேண்டும். உதவி செய்பவருக்கே உதவியின் பலன் கிடைக்கிறது என்று 1965லேயே ஃபிராங்க் ரீஸ்மன் என்ற சமூக ஆய்வாளர் எழுதினார், அது இன்றும் நிற்கிறது. பில் வில்சனும் அந்த ஐந்து மாதத்தில் எத்தனையோ பேரைத் திருத்தப் பார்த்தார், ஒருவரும் திருந்தவில்லை, ஆனால் அவர் குடிக்காமல் இருந்தார். மூன்றாம் நாள் எப்படி வந்தது என்று மேலே கேட்டேன் இல்லையா, அந்த ஒன்பது மணிப் போனுக்கும் அதில் பங்கு இருக்கும் என்று நினைக்கிறேன். ஆனால் ஒருவரைத் தாங்குவதும் அவர் முன் நடிப்பதும் வேறு வேறு. நடிப்பு உங்களைத் தின்கிறது, அதனால்தான் வைத்ததும் அழுகை. அவனும் ஒருநாள் வேறு யார் மூலமாகவோ தெரிந்துகொள்வான், அப்போது அவன் இழப்பது உங்களை மட்டும் அல்ல, இந்தக் கூட்டத்தில் யார் சொல்வதையும் இனி நம்ப மாட்டான்.

அதற்காக இன்று ஒன்பது மணிக்கே கொட்டிவிடாதீர்கள். முதலில் பெரியவரிடம் சொல்லுங்கள். அவனுக்கு எப்போது, எப்படிச் சொல்வது என்று அவரோடு பேசி முடிவு செய்யுங்கள். பகல் நேரத்தில், நேரில், பெரியவரும் பக்கத்தில் இருக்கும்போது, முடிந்தால் மீட்டிங்குக்குக் கொஞ்சம் முன்னால் சொல்லுங்கள். கேட்டுவிட்டு அவன் தனியாக இரவைக் கழிக்கும்படி ஆகக் கூடாது. குடித்த கதையை விவரிக்க வேண்டாம், என்ன சரக்கு, எவ்வளவு, எப்படி இருந்தது என்பதெல்லாம் அவனுக்குத் தேவையில்லை, சொன்னால் அவனுக்கு ஆசையைத்தான் கிளப்பும். "தம்பி, மூணு வாரத்துக்கு முன்னாடி நான் ரெண்டு நாள் குடிச்சிட்டேன். உன்கிட்ட மறைச்சேன், அது தப்பு. இப்ப நிறுத்திட்டேன், டாக்டரைப் பார்த்துட்டேன், மறுபடி மீட்டிங் வரேன். கொஞ்ச நாளைக்கு ராத்திரியில நீ அய்யாவைக் கூப்பிடு, நானும் அவரைத்தான் கூப்பிடப் போறேன்." இந்த அளவு போதும். அவன் கோபப்படலாம், பேசாமலே எழுந்து போகலாம். போகட்டும், பின்னாலேயே ஓட வேண்டாம், பெரியவர் பார்த்துக்கொள்வார்.

"அய்யாவைக் கூப்பிடு" என்பதை நான் காரணத்தோடுதான் எழுதினேன். இப்போதைக்கு நீங்கள் அவனுக்குப் பக்கத்து நாற்காலிக்காரராக இருந்தால் போதும், தாங்கும் தூணாக வேண்டாம். நீங்களே நிலைகொள்ளாத நேரத்தில் இன்னொருவருடைய இரவு முழுவதையும் தோளில் போட்டுக்கொண்டால் இருவருக்கும் ஆபத்து. சில மாதம் போகட்டும், பெரியவரும் உங்கள் டாக்டரும் சரி என்று சொன்ன பிறகு மறுபடி எடுத்துக்கொள்ளலாம்.

அவன் குடித்துவிட்டால்? அது உங்களால் நடந்ததாக இருக்காது. அவன் குடிநோய் உங்களுக்கு முன்பே அவனிடம் இருந்தது. உங்களால் செய்ய முடிந்தது உண்மையைப் பக்குவமாகச் சொல்வது மட்டும்தான்.

குழுவில் பேசும் முன் தெரிந்துகொள்ள வேண்டியது

மீட்டிங்கில் மறுபடி பேசப் போகிறீர்கள் என்பதால் இதையும் சொல்லிவிடுகிறேன். டாக்டரும் ஆலோசகரும் உங்கள் ரகசியத்தைக் காக்கத் தொழில்முறையாகக் கட்டுப்பட்டவர்கள், அதற்கும் சில விதிவிலக்குகள் உண்டு. மீட்டிங்கில் பெயர் சொல்லாமை என்பது ஒருவருக்கொருவர் கொடுத்துக்கொள்ளும் வாக்கு. பெரும்பாலானோர் அதை உயிராகக் காப்பாற்றுகிறார்கள், ஆனால் டாக்டரிடம் இருப்பது போன்ற கட்டுப்பாடு அங்கே இல்லை. குடித்தது, வெட்கப்பட்டது, பயந்தது எல்லாவற்றையும் அங்கே தாராளமாகச் சொல்லுங்கள். வேலைக்கோ வழக்குக்கோ பாதகமாகப் போகக்கூடிய விஷயம் ஏதாவது இருந்தால் அதை வழக்கறிஞரிடமோ டாக்டரிடமோ மட்டும் வைத்துக்கொள்ளுங்கள். பேச விருப்பம் இல்லாத நாளில் பேசாமல் உட்கார்ந்துவிட்டு வரவும் உங்களுக்கு உரிமை உண்டு, யாரும் வற்புறுத்தக் கூடாது.

அங்கே பேசப்படும் கடவுள் விஷயம் ஒத்துவரவில்லை என்று ஒரு வரி எழுதியிருந்தீர்கள். பலர் அதைத் தங்களுக்கு ஏற்றபடி வைத்துக்கொண்டு தொடர்கிறார்கள். முடியவே இல்லை என்றால் ஸ்மார்ட் ரெக்கவரி போலக் கடவுள் பேச்சு இல்லாத சக ஆதரவுக் குழுக்களும் இருக்கின்றன, இணையம் வழியாகவும் சேரலாம். ஆனால் அந்த மாற்றத்தை இந்த மாதம் செய்யாதீர்கள். வெட்கத்துக்காக ஓர் இடத்தை விட்டுப் போனால், போகும் இடத்துக்கும் அந்த வெட்கம் கூடவே வரும்.

உங்கள் மனைவிக்கு ஒன்று. குடிநோயாளிகளின் குடும்பத்தாருக்கென்றே அல்-அனான் என்ற குழு இருக்கிறது, பில் வில்சனின் மனைவி லோயிஸ் 1951ல் இன்னொரு பெண்ணோடு சேர்ந்து தொடங்கியது. உங்களைத் திருத்துவதற்கான இடம் இல்லை அது, அவருக்கான இடம். அவரைப் போகச் சொல்லிக் கட்டாயப்படுத்தாதீர்கள், இருக்கிறது என்று மட்டும் சொல்லுங்கள்.

வேலைக்கு என்ன பதில்?

இப்போதைக்கு வேண்டாம் என்று சொல்லுங்கள், காரணத்தையும் மறைக்காமல் சொல்லுங்கள். கதவை மூடிவிட வேண்டாம். நோயிலிருந்து மீண்டவர்களை நோயாளிகளுக்குத் துணையாக வைத்துக்கொள்வது புது யோசனை அல்ல, 1790களிலேயே பாரிஸின் பிசேத்ர மருத்துவமனையில் ஜான் பாப்டிஸ்ட் புஸ்ஸன் என்ற மேற்பார்வையாளர் குணமானவர்களைத்தான் தேடித் தேடி வேலைக்கு வைத்தார், அவரே அங்கே நோயாளியாக இருந்தவர். மனநோயாளிகளைச் சங்கிலியில் கட்டி வைத்திருந்த அந்தக் காலத்தில், 1797ல் தன் வார்டில் அந்தச் சங்கிலிகளை அவிழ்த்தவரும் அவர்தான். நல்ல வேலை அது, பிற்பாடு நீங்கள் அதற்குப் பொருத்தமாகவே இருப்பீர்கள் என்று உங்கள் கடிதத்தைப் படித்து எனக்குத் தோன்றுகிறது. சேரும் நாள் வந்தால் மூன்று விஷயம் கேளுங்கள்: பயிற்சி உண்டா, உங்களைக் கவனித்து வழிநடத்த ஒருவர் உண்டா, நீங்களே சறுக்கினால் வேலைக்கு என்ன ஆகும். உங்கள் கதையை யாரிடம் எவ்வளவு சொல்வது என்பது உங்கள் முடிவாகத்தான் இருக்க வேண்டும். அதை மையத்தின் விளம்பரத்துக்குப் பயன்படுத்தக் கேட்டால் மறுக்கலாம். அது வேலை என்றால் சம்பளமும் இருக்க வேண்டும், 'சேவைதானே' என்று அதைத் தட்டிக் கழிக்க விடாதீர்கள்.

இன்னொன்று, அந்த வேலைக்குப் போனாலும் உங்கள் சொந்த மீட்டிங்கை விடக் கூடாது. அங்கே நீங்கள் மற்றவர்களுக்காக உட்கார்ந்திருப்பீர்கள், உங்களுக்காக உட்கார ஓர் இடம் தனியாக வேண்டும்.

இன்றைக்கு என்ன செய்வது என்று கேட்டால், மனைவியிடம் அந்த வரியைக் காட்டிய பிறகு, போனை எடுத்து எடுக்காத அழைப்புகளில் அந்தப் பெரியவர் பெயரைத் தேடுங்கள். நான்கு தடவை கூப்பிட்டிருக்கிறார் என்றால் அவருக்கு விஷயம் பாதி தெரிந்துதான் இருக்கும், 14 வருடத்தில் இப்படி எத்தனை பேருக்குக் கூப்பிட்டிருப்பாரோ. பெரிய விளக்கம் எதுவும் தயார் செய்ய வேண்டாம். "அய்யா, குடிச்சிட்டேன், இப்ப நிறுத்தியிருக்கேன், அடுத்த மீட்டிங் எப்ப?" என்று கேளுங்கள். அவர் எடுக்கவில்லை என்றால் அரை மணி நேரம் கழித்து மறுபடி கூப்பிடுங்கள், அதற்குள் ஒன்பது மணி ஆகிவிட்டால் பையன் போனையும் எடுங்கள். அவனிடம் இன்று, "நல்லா தாண்டிட்டே, அடுத்த மீட்டிங்ல நேர்ல பேசுவோம்" என்று மட்டும் சொல்லுங்கள்.